தூசி தட்டாத படங்கள்

அன்று காலை நான் முதலில் செய்த வேலை, வெள்ளைத் துணிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு நிலவறைக்கு இறங்கியதுதான். எங்கள் கட்டடத்தில் துவைக்கும் அறையின் சாவி இரண்டு வாரத்துக்கு ஒரு நாள்தான் என் கைக்கு வரும். அந்த நாளைத் தவறவிட்டால் மேல்வீட்டு அம்மாவிடம் போய் நிற்க வேண்டும். சவர்க்காரத் தூளைப் போட்டு இயந்திரத்தை மூடும்போது தொலைபேசி அடித்தது. தவராசா அண்ணையின் மனைவி யோகா அக்கா.

“தங்கச்சி, அவர் மோசம் போயிட்டார்.”

“ஆர் அக்கா?” என்றேன். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

“இப்பதான் ஆஸ்பத்திரியாலை வந்தனான். அவரின்ரை சப்பாத்து வாசலிலை கிடக்கு. எடுத்து உள்ளுக்கை வைக்கிறதோ, அப்பிடியே விடுறதோ எண்டு விளங்கேல்லை.”

“அப்பிடியே கிடக்கட்டும், அக்கா. வாறன்,” என்றேன். ஆனால் உடனே போகவில்லை. இயந்திரம் சுற்றி முடியும் வரை அந்த அறையின் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. தவராசா அண்ணையின் முகம்கூட முதலில் வரவில்லை. வேறொரு மனிதரின் முகம் வந்தது. அவர் உயிரோடு இருக்கிறாரே என்ற எண்ணம் வந்தது. அந்த மனிதரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வல்லுநர் என்றே எழுதுகிறேன். எங்கள் ஏல நிறுவனத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். அந்த மரியாதை யாருடைய முதுகில் ஏறி நின்று கிடைத்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தவராசா அண்ணையை, சுவிஸின் வின்டர்தூரில் இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். திரிம்பாக் கோயில் தேர் நாளில், வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளைச் சோடி சேர்த்து அடுக்குவாரே, அவர்தான். யாரும் கேட்டுச் செய்வதில்லை. “இது குலம் அண்ணையின்ரை. இடக்கால் குதி மட்டும் தேயும், பாரும்,” என்பார். சோடி மாறிய ஒரு செருப்பைக் கண்டால் சொந்தக்காரரைத் தேடிப் பிடிக்கும்வரை அவருக்குப் பூசையும் இல்லை, அன்னதானமும் இல்லை. அவருடைய தொழிலும் அதுதான் என்பது உங்களில் சிலருக்குத்தான் தெரிந்திருக்கும்.

டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவித் தொடங்கியவர். பிறகு இங்கே ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் இரும்பு செதுக்கும் இயந்திரத்தில் நின்றார். அந்தத் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது, பழைய ஆயுதங்களை ஏலம் விடும் எங்கள் நிறுவனத்துக்குக் களஞ்சியப் பொறுப்பாளராக வந்தார். நான் கலை வரலாறு படித்துவிட்டு அங்கே படம் எடுத்து, விவரப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தேன். இன்றும் அதே வேலைதான்.

எங்களிடம் அதிகம் வருவது இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மன் துப்பாக்கிகள். ஒரே மாதிரியை ஏழெட்டுத் தொழிற்சாலைகள் லட்சக்கணக்கில் செய்தன. எனக்கு அவை எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். ஒரு நாள் இரண்டு துப்பாக்கிகளை மேசையில் அருகருகே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“என்ன வித்தியாசம், சொல்லும் பாப்பம்.”

“ஒண்டு வடிவு. மற்றது வடிவில்லை.”

“கெட்டிக்காரி. வல்லுநருக்கு இது விளங்கப் பத்து வருசம் பிடிச்சது.”

பிறகு காட்டினார். அழகானது போர் தொடங்குவதற்கு முன் செய்தது. வால்நட் மரம். குழாயையும் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் வளையங்கள் முழு இரும்பில் செதுக்கி, மெருகிட்டவை. திருகாணிவரை இலக்கம் அடித்திருந்தார்கள், எல்லாம் ஒரே இலக்கம். மற்றது போரின் கடைசி மாதங்களில் செய்தது. முழு மரம் இல்லாமல் மெல்லிய பலகைகளை ஒட்டி அழுத்திய கட்டை. வளையங்கள் தகட்டை வளைத்து அடித்தவை; அவற்றைப் பிடித்துவைக்கும் ஸ்பிரிங் வில்லும் இல்லை, இரண்டு மரத் திருகாணிகள் மட்டும். முனையில் கத்தி பூட்டும் இடத்தையே விட்டுவிட்டார்கள். இலக்கம் இரண்டு மூன்று பாகங்களில் மட்டும். இரும்பில் செதுக்கிய கோடுகள் அப்படியே, உழுத வயல் மாதிரித் தெரிந்தன.

“தோக்கப் போறவன்ரை துவக்கு,” என்றார். “உந்தத் துவக்கைத்தான் இப்ப ஆளாளுக்குப் போட்டி போட்டு வாங்கிறாங்கள்.”

போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த மனிதர் ஏன் துப்பாக்கிகளை இவ்வளவு ஆசையாகப் பார்க்கிறார் என்று எனக்கு உள்ளூர ஒரு கோபம் இருந்தது. ஒருமுறை கேட்டும் விட்டேன். அவர் அந்த உழுத கோடுகளில் விரலை வைத்தார்.

“நான் துவக்கைப் பாக்கேல்லை, தங்கச்சி. செய்தவன்ரை கையைப் பாக்கிறன். கடைசி வருசம் இதைச் செய்தவங்கள் ஆரெண்டு யோசிச்சனீரோ? விருப்பத்திலையோ செய்தவங்கள்? பிடிச்சுக்கொண்டு வந்து, பசியோடை நிப்பாட்டி வச்சுச் செய்விச்சது. இந்தக் கோட்டைப் பாரும், நடுவிலை ஆடியிருக்கு. நானும் மெசினிலை பசியோடை நிண்டனான். எனக்குத் தெரியும் அது ஏன் ஆடினதெண்டு.”

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கடைசிக் காலத்துத் துப்பாக்கிகள் கிராக்கியானதும் அவற்றைப் போலியாகச் செய்பவர்களும் வந்துவிட்டார்கள். சாதாரணத் துப்பாக்கி ஒன்றை எடுத்து, கத்தி பூட்டும் பகுதியைக் கழற்றி, வளையங்களை மாற்றி, மெருகிட்ட இரும்பை வேண்டுமென்றே கீறிக் கரடுமுரடாக்குவார்கள். அதை அண்ணை தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார். “அவசரத்தை ஆறுதலாச் செய்யேலாது,” என்பது அவர் வாக்கு. பசியோடு நின்றவனின் கை ஆடும். முழு நாளையும் கையில் வைத்துக்கொண்டு, கதிரையில் இருந்து கோப்பி குடித்தபடி கீறுகிறவனின் கோடுகள் எல்லாம் ஒரே ஆழத்தில் இருக்கும். “பாவப்பட்டவன்ரை கையை விலைக்கு நடிச்சுக் காட்டுறாங்கள்,” என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வரும் துப்பாக்கியைத் துடைக்குமுன் நான் அதைப் படம் எடுக்க வேண்டும். தூசியோடு, சிலந்தி வலையோடு, எண்ணெய் பிசுக்கோடு. துடைத்தபின் எடுக்கும் அழகான படம்தான் பட்டியலுக்குப் போகும். அழுக்குப் படங்களை நிறுவனம் வைத்திருப்பதில்லை. “அதை அழிக்காதையும், தங்கச்சி. தூசிதான் ஆர் எப்ப தொட்டதெண்டு சொல்லும்,” என்பார். அவருக்காக அந்தப் படங்களை என் வீட்டுக் கணினியில் சேர்த்து வைத்தேன். நிறுவனத்தின் படங்களை வெளியே கொண்டுபோவது ஒப்பந்தப்படி குற்றம். இருவருக்கும் அது தெரியும்.

இனி, ஏழு வருடங்களுக்கு முன் வந்த அந்தத் துப்பாக்கி. வல்லுநரே நேரில் போய் ஒரு வீட்டின் மேல்தளத்திலிருந்து எடுத்து வந்தார். போரின் கடைசி வாரங்களில் செய்தது, அன்றிலிருந்து யார் கையும் படாதது என்று பெருமையோடு சொன்னார். தூசி தடிப்பாகப் படிந்திருந்தது. நான் படம் எடுத்தேன். அண்ணை குனிந்து பார்த்தார். தொடவில்லை.

“தங்கச்சி, திருகாணித் தலையளைக் கிட்ட எடும்.”

எடுத்தேன். துப்பாக்கி முழுவதும் சாம்பல் நிறம். வளையத் திருகாணிகளின் வெட்டுகள் மட்டும் புது இரும்பாய் மினுங்கின. அண்மையில் யாரோ திருகியிருக்கிறார்கள். முன் வளையத்தின் பக்கத்தில், கடைசிக் காலத் துப்பாக்கியில் இருக்கவே முடியாத பழைய வில்லின் பள்ளத்தை மரத்தூள் பசையால் நிரப்பி, நிறம் பூசி மறைத்திருந்தார்கள்.

அவர் வல்லுநரிடம் போய்ச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். வல்லுநர் சிரித்தார். அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: “தவா, நீ கோப்பை கழுவியவன். அடுக்கி வை. பார்ப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

அண்ணை அடுக்கி வைத்தார்.

துப்பாக்கி விற்றது. அரை வருடத்தில் வாங்கியவர் போலி என்று கண்டுபிடித்து, வழக்கறிஞரோடு வந்து நின்றார். அப்போதுதான் வல்லுநர் இப்படி ஒரு வசனம் சொன்னார்: தான் கொண்டுவந்தபோது துப்பாக்கி அசல், பாகங்கள் களஞ்சியத்தில் மாற்றப்பட்டிருக்க வேண்டும், களஞ்சியச் சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது. ஒரு குரல் உயரவில்லை. ஒரு மேசை தட்டப்படவில்லை. அண்ணையைப் பொலிஸ் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தது. ஆதாரம் இல்லை என்று விசாரணைக் கோவையை மூடினார்கள். குற்றமில்லை என்று யாரும் எழுதவில்லை. நிறுவனம் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. குடியுரிமைக்குப் போட்டிருந்த விண்ணப்பத்தை, ஆயுத விசாரணை என்ற ஒரு சொல்லுக்காக, கெமைண்ட எனும் உள்ளூராட்சி மன்றத்தில் ஒத்திவைத்தார்கள். ஒத்திவைத்தது அப்படியே கிடந்தது. அவர் ஒரு முதியோர் இல்லத்தின் குசினிக்குப் போனார், கோப்பை கழுவ. டாவோஸில் தொடங்கிய இடத்துக்கே கொண்டுபோய் விட்டார்கள்.

நமது ஆட்களையும் சொல்லத்தான் வேண்டும். தகனத்தன்று மண்டபத்துக்கு வெளியே, கோட்டுப் போட்ட இரண்டு பேர் எனக்குப் பக்கத்தில் நின்று கதைத்தார்கள்.

“ஆள் நல்ல மனுசன்தான். ஆனா உந்தத் துவக்குப் பிரச்சினை…”

“ஒண்டும் செய்யாதவனை வெள்ளைக்காரன் சும்மா நிப்பாட்டுவானோ?”

“அதுதானே. பாகம் பாகமாக் கழட்டி வித்தவராம்.”

“ஆர் சொன்னது?” என்று நான் திரும்பிக் கேட்டேன்.

“எல்லாரும்தான் கதைக்கினம், பிள்ளை.”

“எல்லாருக்கும் பேர் இருக்கும்தானே. ஒரு பேரைச் சொல்லுங்கோ.”

ஒருவர் கைத்தொலைபேசியைப் பார்த்தார். மற்றவர் மழை வரும்போல இருக்கு என்றார். அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். இந்த மலர் அவர்கள் வீட்டுக்கும் போகும். வாசியுங்கள், அண்ணைமாரே.

ஆனால் அவர்களைவிடக் கூடுதலாக ஒருத்திமேல் எனக்குக் கோபம் உண்டு. விசாரணையில் என்னையும் கேட்டார்கள்: துடைப்பதற்கு முந்திய படங்கள் இருக்கின்றனவா? நான் இல்லை என்றேன். படங்கள் எதுவும் இல்லை, அவற்றை அழிப்பதே எங்கள் வழக்கம் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார்கள், நான் கையெழுத்திட்டேன். அப்போது என் குடியுரிமை விண்ணப்பமும் அதே கெமைண்டவில் கிடந்தது. வேலை போனால், ஒப்பந்தத்தை மீறினேன் என்று பதிவானால், என் கதை என்ன ஆகும் என்று மட்டும் யோசித்தேன். வந்த அன்றே அது போலி என்று காட்டி அண்ணையைக் காப்பாற்றக்கூடிய மூன்று படங்கள் என் வீட்டில் இருந்தன. நான் இல்லை என்றேன்.

அதே வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். யோகா அக்கா கடைக்குப் போயிருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்:

“நீர் ஏன் வந்தனீரெண்டு தெரியும். படம் கிடக்கட்டும். உம்மடை பேப்பர் முதல் வரட்டும்.”

“அண்ணை, நான் பொய் சொல்லிப்போட்டன்.”

“ஓம். நல்லாச் சொன்னீராம். தேத்தண்ணி போடட்டோ?”

இரண்டு வருடத்தில் எனக்குச் சுவிஸ் குடியுரிமையின் சிவப்புப் பாஸ் வந்தது. அதைக் கொண்டுபோய் அவரிடம்தான் முதலில் காட்டினேன். பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். அச்சு நன்றாக இருக்கிறது, ஒரே ஆழம் என்றார். “இப்ப சொல்லட்டோ, அண்ணை?” என்று கேட்டேன். “இனி என்னத்துக்கு? எனக்கு அவங்களோடை கதைக்கிற அலுப்பு இல்லாமல் கிடக்கு. விடும்,” என்றார். நான் விட்டேன். அவர் சொன்னதற்காக விட்டேன் என்று நான்கு வருடங்கள் எனக்கு நானே சொல்லி வந்தேன். விடுவது எனக்கும் வசதியாக இருந்தது என்பதைத் துவைக்கும் அறையில் அந்த வாங்கில் இருந்தபோதுதான் ஒப்புக்கொண்டேன்.

மரணச் செய்தி கிடைத்த மூன்றாம் நாள் வல்லுநர் என் மேசையில் ஓர் அனுதாப அட்டை வைத்தார், குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லி. உள்ளே அச்சடித்த நான்கு வரிகள், கீழே அவருடைய கையெழுத்து. அட்டையோடு ஒரு தடித்த கட்டும் இருந்தது. அந்தத் துப்பாக்கிகளின் தயாரிப்பு வேறுபாடுகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தின், அச்சுக்கு முந்திய கடைசிப் பிரதி. படங்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று நான் பார்க்க வேண்டும். பார்த்தேன். எந்தத் தொழிற்சாலை எந்தப் பருவத்தில் தகட்டு வளையத்துக்கு மாறியது, எங்கே இலக்கம் அடிப்பதை நிறுத்தியது என்ற அட்டவணைகள் எல்லாம் அண்ணை களஞ்சியத்தில் கட்டம் போட்ட கொப்பிகளில் பென்சிலால் எழுதி வைத்தவை. அவரை நிறுத்தியபோது அந்தக் கொப்பிகளை எடுத்துப்போக விடவில்லை. ஏழாவது அத்தியாயம் போலிகளைப் பற்றியது. அதன் முதல் வரி, நல்ல ஜெர்மன் மொழியில்: அவசரத்தை நிதானமாகச் செய்ய முடியாது.

நன்றி சொல்லும் பக்கத்தில் பதினாறு பெயர்கள் இருந்தன. என் பெயரும் இருந்தது. அண்ணையின் பெயர் இல்லை.

அட்டையை யோகா அக்காவிடம் கொடுக்கவில்லை. கிழித்து, பழைய காகிதங்களைச் சேகரிக்க வரும் நாளில் கட்டிப் போட்டேன். அக்கா, இதற்காக என்னை மன்னியுங்கள் என்று கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியது வேறொன்றுக்கு. அதை மேலே எழுதிவிட்டேன். முப்பத்தோராம் நாள் மலருக்கு எழுதித் தரச் சொன்னபோது, “உந்தத் துவக்குக் கதையையும் எழுதும், தங்கச்சி. எல்லாருக்கும் பிழையாத்தானே தெரியும்,” என்றீர்கள். உங்களுக்கும் அது முழுதாகத் தெரியாது. இதை அச்சுக்குக் கொடுக்குமுன் நீங்கள் வாசிப்பீர்கள். வாசித்தபின் என்னோடு கதைக்காமல் விட்டாலும் சரி. ஆனால் ஒரு வரியையும் வெட்ட வேண்டாம்.

அவர் மன்னித்துவிட்டுப் போனார். அது அவருடைய குணம். இப்படி ஒரு மனிதரின் நினைவைச் சமாதானத்தோடு போற்ற வேண்டும் என்று ஐயர் தகனத்தன்று சொன்னார். எனக்கு அந்தச் சமாதானம் வரவில்லை, வரவழைக்கவும் விருப்பமில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது மன்னிப்பை அல்ல. துடைக்குமுன் பார்க்க வேண்டும் என்ற அந்தப் பிடிவாதத்தையும், மூன்று படங்களையும்தான்.

அடுத்த ஏலத்துக்கு முன் பொருட்களைப் பார்வைக்கு வைக்கும் நாளில், எங்கள் மண்டபத்தில் வல்லுநரின் புத்தக வெளியீடு. சேகரிப்பாளர்கள் வருவார்கள். பத்திரிகையிலிருந்து ஆட்கள் வருவார்கள். அந்தப் போலியை வாங்கி ஏமாந்தவருக்கும் அழைப்பு அனுப்பியாயிற்று. பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தவள் நான். வல்லுநர் பேசுவார், பின்னால் திரையில் படங்கள் வரும். படங்களை மாற்றும் பொத்தான் என் கையில் இருக்கும். எங்கள் நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். இந்த மலர் அவர் கையில் கிடைத்தாலும் பரவாயில்லை, அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

இதை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. ஏழாவது அத்தியாயத்தின் அந்த முதல் வரியை அவர் வாசிக்கும்போது, திரையில் தூசி படிந்த துப்பாக்கி வரும். அடுத்ததாக மினுங்கும் திருகாணிகள், எடுத்த நாளும் நேரமும் மூலையில் தெரியும்படி. மூன்றாவதாக, நிரப்பி மறைத்த பள்ளம். அவர் திரும்பிப் பார்க்க நேரம் கொடுப்பேன். அதன் பிறகு ஒரு படம் மிச்சம் இருக்கிறது. அது துப்பாக்கியின் படம் அல்ல. விசாரணைக்கு நான் கொடுத்த தாளின் நகல், படங்கள் எதுவும் இல்லை என்ற வாக்கியம், அதன் கீழே என் கையெழுத்து. அதைத் திரையில் வைத்துவிட்டு, எழுந்து, விளக்கைப் போடுவேன்.